சனிக்கிழமை கவர்: பத்தாவதோடு வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் பேப்பரில் லட்டு ஊட்டிக்கொள்கிற படங்கள்தான் வரும். எந்த குரூப் எடுப்பது என்று பல வீடுகளில் பேச்சு ஓடும். உங்கள் வீட்டில் ஓடுவது வேறு பேச்சு. திருப்பூரில் மாமாவுக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று இருக்கிறதாம். அடுத்த தெருப் பையன் வாரம் மூவாயிரம் கொண்டுவருகிறானாம். ஒரு பை, இரண்டு சட்டை, ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினால் போதுமாம்.

2025இல் தமிழ்நாட்டில் 8,71,239 பேர் பத்தாவது எழுதி 8,17,261 பேர் தேறினார்கள். மீதி ஏறத்தாழ 54 ஆயிரம் பேர். தேறியும் வீட்டுக் கஷ்டத்தால் பதினோராம் வகுப்பு வாசலை மிதிக்காதவர்கள் தனி. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

படிக்கச் சொல்லி இன்னொரு பெரிய மனுஷன் வந்துவிட்டான் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். நானும் பத்தாவதோடு நின்றவன்தான். 1996 ஜூனில் கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இரும்புச் சுருள் அள்ளுவது, மெஷினுக்கு எண்ணெய் விடுவது, பதினொரு மணிக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போவது. வாரக் கூலி 180 ரூபாய். இப்போது கம்ப்யூட்டரில் ஓடும் இரண்டு சி.என்.சி. மெஷினோடு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று என் பேரில் ஓடுகிறது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். ஆள் எடுக்கிறவன் ஆளுக்குச் சொல்லும் யோசனை இது.

சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை கணக்குப்பிள்ளை கூலிக் கவரை மாற்றிக் கொடுத்துவிட்டார். பிரித்து எண்ணினால் 260 ரூபாய். முதலாளி எனக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டார் என்று காது வரை சிரிப்பு. கவரின் பின்பக்கம் பார்த்தேன், ட்ரில்லிங் மெஷினில் நிற்கும் அண்ணன் பெயர் இருந்தது. அவர் அங்கே பதினோரு வருடமாக இருக்கிறவர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பதினோரு வருடத்துக்கும் எனக்கும் நடுவே இருந்தது எண்பது ரூபாய். கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், எண்ணக்கூட இல்லை.

அதே கூரைக்குக் கீழே டர்னர் ஒருவர் வாரம் 600 வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல பத்தாவதுதான். அவருக்கு டிராயிங் படிக்கத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை கேட்டுப் போகும்போது நாம் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: "எவ்வளவு குடுப்பாங்க?" சேரும் சம்பளத்தைக் கேட்பது தப்பில்லை. ஆனால் பத்தாவது முடித்தவனுக்குச் சேரும் சம்பளம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் மாதம் பத்திலிருந்து பன்னிரண்டாயிரம். ஜவுளிக்கடையிலும் ஹோட்டலிலும் சாப்பாடும் படுக்க இடமும் கழித்துப் பார்த்தால் அதே கணக்கில் வந்து நிற்கும். ஐந்நூறு கூடலாம், குறையலாம். கேட்க வேண்டியது, அங்கே பத்து வருடம் இருக்கிறவர் என்ன வாங்குகிறார் என்பது. இதை முதலாளியிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

என் தொழிலை வைத்தே சொல்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். சி.என்.சி. ஆபரேட்டர் என்றால் வெளியே பெரிய வேலை மாதிரி கேட்கும். ஆனால் அந்தப் பெயரில் பாதிப் பேர் செய்வது இதுதான்: ஜாப்பை சக்கில் மாட்டி, கதவைச் சாத்தி, பச்சை பட்டனை அமுக்கி, ஓடி முடிந்ததும் எடுத்து வெர்னியரில் அளந்து ட்ரேயில் அடுக்குவது. பத்து நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். பத்து நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்குப் பத்து வருட அனுபவம் இருந்தாலும் விலை ஒன்றுதான், ஏனென்றால் உங்களை எடுத்துவிட்டு அடுத்த ஆளைப் போட முதலாளிக்கு ஆவது பத்தே நாள். பக்கத்தில் செட்டர் என்று ஒருவர் இருப்பார். டூல் மாற்றுவது, ஆஃப்செட் போடுவது, அளவு இரண்டு பாயின்ட் தள்ளினால் இன்சர்ட் தேய்ந்துவிட்டதா, ஜாப் சூடாகிவிட்டதா, சக்கில் பிடி தளர்ந்ததா என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர் வேலை. எங்கள் ஏரியாவில் நல்ல செட்டருக்கு ஆபரேட்டரைப் போல் இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள். கொடுத்தாலும் ஆள் நிற்பதில்லை, பக்கத்துப் பட்டறைக்காரர் இழுத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். லேத்தில் டேப்பர் பிடிக்க, அதாவது ஒரு பக்கம் சிறுத்துக்கொண்டே போகும்படி கடைய, ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது? பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். வருவது டேன் மதிப்பு. அட்டவணையில் அதற்கு எத்தனை டிகிரி என்று பார்த்துத் திருப்ப வேண்டியதுதான். பத்தாவது கணக்கில் முக்கோணவியல் என்று ஒரு பாடம் உண்டே, மரத்தின் உயரம், கலங்கரை விளக்கத்தின் உயரம் எல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லிப் படுத்துவார்களே, அதுதான் இது. எங்கள் வாத்தியார் ஒருமுறை லேத்தைக் காட்டியிருந்தால் நான் அந்தப் பாடத்தில் தூங்கியிருக்க மாட்டேன். அந்த 600 ரூபாய் டர்னரிடம் ஒரு வருடம் டீ வாங்கிக் கொடுத்து, ஆறு மணிக்கு மேல் நின்று கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் அப்படி ஒரு டர்னர் வாய்க்கமாட்டார். பல பேர் தொழிலைச் சொல்லித்தர மாட்டார்கள். பையன் கற்றுக்கொண்டால் தன் இடம் போய்விடும் என்ற பயம். அவர்கள் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அதனால்தான் ஐ.டி.ஐ. பற்றிச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் அரசு ஐ.டி.ஐ. இருப்பது எனக்கு அப்போதே தெரியும், பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்திருக்கிறேன். அதில் யார் சேரலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் ஆகியவற்றுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றுக்கு எட்டாவதே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் சேர்ந்து வருகிறது. ஆக 1,750. பட்டறையில் வாங்கும் பன்னிரண்டாயிரத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லைதான். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தால் இந்த 1,750 எதற்கும் ஆகாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி இல்லாத வீட்டிலும், மொபைல் தவணைக்காகவும் பைக்குக்காகவும் வேலைக்கு ஓடுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்தால் கதவு அங்கேயே சாத்திக்கொள்வதில்லை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அதை முடித்தால் இன்ஜினீயரிங்கில் இரண்டாம் வருடம். சில வருடங்களாக 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சி.என்.சி. என்று புது மெஷின்கள் இறக்கியிருக்கிறார்கள். அந்த மெஷின்களில் சில என் பட்டறையில்கூட இல்லை.

அப்ரண்டிஸ் என்று ஒரு வழியும் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பொன்மலை, போத்தனூர் ரயில்வே பணிமனைகளில் பத்தாவது தேறிய பிள்ளைகளையே நேரடியாக எடுத்துத் தொழில் சொல்லித்தருகிறார்கள். 2019 விதிப்படி பத்தாவது தேறியவருக்கு மாதக் குறைந்தபட்சத் தொகை 6,000 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் நாளுக்கு 230. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த கூலி 336. குளம் வெட்டுவதற்குத் தருவதைவிட, ரயில் பெட்டி கட்டக் கற்றுக்கொள்கிறவனுக்குக் குறைவு! இந்த அப்ரண்டிஸ் தொகையை 36 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சிலே பரிந்துரை செய்தது. அப்படி உயர்த்தினாலும் எட்டாயிரத்து சொச்சம்தான். என்றாலும், முடிவில் கையில் கிடைக்கும் சான்றிதழுக்காக நான் இதைச் சிபாரிசு செய்வேன். ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி வாசலில் 'ட்ரெய்னி' என்று எழுதி எடுப்பதெல்லாம் அப்ரண்டிஸ் ஆகாது. உங்கள் பெயரில் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறதா, முடிவில் அரசுச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது குறைந்த கூலிக்கு வைத்த அழகான பெயர்.

திருப்பூரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமே இல்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேதான் போகிறீர்கள். கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது என்று ஆரம்பித்து ஓவர்லாக்கில் உட்காருவீர்கள். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டில் பதினெட்டு வயதுப் பையன் ஒரு வாரத்தில் வாங்குவதைப் பார்த்தால் ஊரில் வாத்தியாருக்கே பொறாமை வரும். பொய் இல்லை, வேகமான கைக்குத் திருப்பூர் நன்றாகவே கொடுக்கும். ஆனால் பீஸ் ரேட்டில் விலை வேகத்துக்குத்தான். இருபத்திரண்டு வயதில் உங்கள் கை எவ்வளவு வேகமோ, நாற்பத்திரண்டில் அவ்வளவு இருக்காது. கண் மங்கும், இடுப்பு பிடிக்கும், வருமானம் இறங்கும். வயது ஏற ஏறச் சம்பளம் இறங்குகிற தொழில்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. ஆர்டர் குறைந்தால் முதலில் அறுபடுவதும் அந்த அரை ஷிப்ட்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து அவிநாசி ரோட்டில் ஒரு டெய்லரின் சனிக்கிழமை கூலியைத் தொடும், தெரிந்துகொண்டு போங்கள். போகிறவர்கள் தையலோடு நின்றுவிடாமல் பேட்டர்ன், கட்டிங் மாஸ்டர், குவாலிட்டி, மெஷின் மெக்கானிக் என்று ஏதாவது ஒரு பக்கம் கண் வையுங்கள். மெக்கானிக்குக்கு வயது ஏறினால் மதிப்பும் ஏறும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார். சுமங்கலி திட்டம் என்ற பெயர் கெட்டுப்போனதால் இப்போது வேறு பெயர் சொல்வார்கள். மாதாமாதம் வர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து முடிவில் தருவதற்குப் பெயர் பரிசு இல்லை. இரண்டே முக்கால் வருடத்தில் உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் அந்தத் தொகைக்காக அலைந்ததை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளம் உங்கள் பெயரிலுள்ள பேங்க் கணக்கில், முழுசாக வர வேண்டும். அப்பா கணக்கிலும் வேண்டாம்.

கடை வேலைக்குப் போகிறவர்கள் 'அங்காடித் தெரு' பார்த்திருப்பீர்கள். ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் நாளைக் காட்டிய படம், 2010இல் வந்தது. கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல். நாள் முழுக்க நிற்கிறவர் நடுவில் உட்காரலாமா என்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. பல கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது, அதில் துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது பிடித்தம். இதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், பாதி நேரம் தாங்களாகவே. "பி.எஃப். வேண்டாங்க, அதையும் கையிலயே குடுத்துருங்க" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். பன்னிரண்டாயிரத்தில் பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடித்தால், கம்பெனியும் அதே அளவு கட்ட வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் சந்தோஷப்படுகிறவர் கம்பெனிக்காரர்தான். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு உங்களிடம் பிடிப்பது 90 ரூபாய், கம்பெனி கட்டுவது 390. அந்தத் தொண்ணூறு ரூபாயின் மதிப்பு எனக்குத் தெரிந்தது 1999இல். பிரஸ்ஸில் வேலை பார்த்த கூட்டாளிக்கு ஆள்காட்டி விரல் போயிற்று. அவன் பெயர் கம்பெனி ரெஜிஸ்டரிலேயே இல்லை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஆட்டோவில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப்போட்ட செலவை முதலாளி கொடுத்தார், அதோடு சரி. பதிவு இருந்திருந்தால், வேலையில் பட்ட அடி என்பதால் சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் சம்பளத்தில் பெரும் பங்கு ஓய்வுக் காலத்துக்கு வந்திருக்கும், போன விரலுக்கு ஆயுசு முழுக்க ஒரு தொகையும் வந்திருக்கும். சேர்ந்த மாதமே இ.எஸ்.ஐ. நம்பரும் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். நம்பரும் கேட்டு வாங்கி மொபைலில் எழுதி வையுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் போதும். ஒரிஜினல் அவர் பீரோவுக்குள் போனால் வேலையை விடுவது உங்கள் கையில் இல்லை.

பதினெட்டு நிறையாதவர்களைப் பட்டாசு, சுரங்கம் போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது என்று 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டலாம் என்று ஏஜென்ட் சொன்னால், நாளைக்கு அடிபட்டால் அந்தப் பொய்யை உங்கள் மேல்தான் போடுவார்கள். டெலிவரி வேலைக்கும் பதினெட்டு வேண்டும். அண்ணன் பைக்கில், அண்ணன் லைசென்ஸில் ஓட்டிக் காசு பார்க்கிற பையன்கள் கேளுங்கள்: பிடிபட்டால் வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில், உங்களுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலையும் அதோடு போச்சு.

அரசு வேலையா? குரூப் 4க்குப் பத்தாவது போதும். பெரும்பாலான இடங்களில் அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்கும். ஆனால் 2025 ஜூலையில் நடந்த தேர்வில் 3,935 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம், ஒரு இடத்துக்கு 350 பேருக்கு மேல், அதில் டிகிரி முடித்தவர்களும் உங்கள் பெஞ்சில்தான் உட்கார்வார்கள். எழுதுங்கள், வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் சென்டரில் மூன்று வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள். இதைவிட அமைதியாக ஒரு வாசல் இருக்கிறது. கிராமத் தபால்காரர் வேலை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தேர்வே கிடையாது, பத்தாவது மார்க்கை வைத்து எடுக்கிறார்கள். தொடக்கம் 10,000 அல்லது 12,000, அகவிலைப்படி தனி. பத்தாவதில் வாங்கிய மார்க்குக்கு நேரடியாகச் சம்பளம் கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தேறாத 54 ஆயிரம் பேருக்கு: ஜூலையில் துணைத் தேர்வு நடக்கிறது. ஒன்றோ இரண்டோ பாடம் விட்டவர்கள் எழுதிவிடுங்கள். பதினோராம் வகுப்புக்குப் போகாவிட்டாலும் எழுதுங்கள். ஒரு காரணம் சொல்கிறேன், பள்ளியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று பதிவாகும். சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தனியாக வாங்க வேண்டும். தேறியவருக்கு அது வேண்டாம். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் பாதி வீடு கல்ஃப் பணத்தில் கட்டியது, உங்களுக்கும் ஒருநாள் அந்த எண்ணம் வரும். அப்போது பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் போங்கள், அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். கம்போடியாவில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். போனவர்களைப் பூட்டிவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கதைகளை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

சம்பளம் குறைவாகக் கொடுக்கிற முதலாளி ஒருவன் உங்களுக்கு இவ்வளவு எழுதலாமா என்று கேட்டால், கேட்கலாம். என் பட்டறையிலும் ஹெல்பருக்குப் பன்னிரண்டாயிரம்தான். எனக்கு ஆர்டர் தருகிற கம்பெனிக்காரர் ஜாப்புக்கு ஐந்து வருடமாக ரேட் ஏற்றவில்லை என்று நான் ஒரு கதை சொல்வேன், அது உண்மையும்கூட, ஆனால் உங்கள் வீட்டு அரிசிக் கடைக்காரர் அந்தக் கதைக்கு அரிசி தரமாட்டார்.

ஹெல்பர் இடம் இப்போது என்னிடம் காலி இல்லை. விண்ணப்பம் மட்டும் பதினான்கு இருக்கிறது. செட்டர் ஒருவர் வேண்டும். ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே பத்தாவதோடு நின்ற ஒரு பட்டறைக்காரன்